கதவுக்கு வெளியே கூடை

கல்லூரி விடுதியின் 'சி' படிக்கட்டில் ஏறும்போது லொரேன் கதவுகளைப் பார்ப்பதில்லை. தரையைத்தான் பார்ப்பாள். கதவுக்கு வெளியே குப்பைக் கூடை இருந்தால் உள்ளே வராதே என்று அர்த்தம். உள்ளே இருக்கிற பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும், இல்லை யாரோடாவது படுத்திருக்கும், இல்லை அழுதுகொண்டிருக்கும். எதுவாக இருந்தாலும் அறை கூட்டுகிறவளுக்கு அதில் வேலை இல்லை. கூடையைக் கொட்டி, புதுப் பை மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட வேண்டும். கூடை வெளியே இல்லையென்றால் தட்டலாம். செயின்ட் ஆஸ்வின் கல்லூரியில் எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம் இது. பன்னிரண்டு வருஷத்தில் லொரேன் ஒரு நாளும் அதை மீறியதில்லை.

அவளுக்குக் கூடையே போதும். மூன்று நாள் தொடர்ந்து வெறும் பிஸ்கட் உறையாகக் கிடந்தால், அந்தப் பிள்ளை சாப்பாட்டு ஹாலில் யாரோடும் சேரவில்லை என்று புரிந்துகொள்வாள். மூக்குத் துடைத்த காகிதம் மேலே மேலே வந்தால் ஒன்று ஜலதோஷம், இல்லை வீட்டு ஏக்கம். ஒரு தடவை இப்படிப் பார்த்து மேற்பார்வைக்காரியிடம் சொல்லப்போய், அந்தப் பெண்ணின் அப்பா அம்மா வந்து மூட்டை கட்டி அழைத்துக்கொண்டு போனார்கள். நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்று லொரேனுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கூடையில் கிடக்கும் காகிதத்தைப் பிரித்துப் படித்ததில்லை. அது அவளாக வைத்துக்கொண்ட சட்டம்.

மே மாதம், பரீட்சைக் காலம். பன்னிரண்டு அறையில் ஒன்பது கூடை வெளியே இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால் லொரேனும், பக்கத்து 'டி' படிக்கட்டைக் கூட்டுகிற ஷீலாவும் மேல்மாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார்கள். ஷீலாவுக்கு அறுபத்தொன்று. முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை.

"என்னடி, உன் விஞ்ஞானி மக முடிவு பண்ணிட்டாளா?"

"எங்க. அக்டோபர் பதினஞ்சு வரைக்கும் டைம் இருக்குங்கறா."

"இந்த ஊர்ல முப்பது கல்லூரி இருக்கு. ஒண்ணு மேல விரல வைக்க இவ்வளவு யோசனையா? நான் மாப்பிள்ளைய முடிவு பண்ணவே இவ்வளவு நாள் எடுத்துக்கல."

"அதான் தெரியுதே, வாரா வாரம் நீ திட்டறதுலயே."

ஷீலா சிரித்ததில் டீ தெறித்தது. "சரி, இங்கயே வந்தா என்னவாம் அவளுக்கு? நீ ரூமைக் கூட்டு, அவ அணுவைப் பிளக்கட்டும். வீட்லயும் அதானே நடக்குது."

லொரேன் பிளாஸ்க் மூடியைத் திருகினாள். அதைத்தான் அவள் ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் லிடியா படிக்க ஆசைப்பட்டது இயற்கை அறிவியல். வேதியியல், உயிரியல், மண், கல், நட்சத்திரம் எல்லாம் ஒரே குடையின் கீழ் வரும் படிப்பு. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் வகுப்பும் ஆய்வுக்கூடமும் எல்லோருக்கும் பொதுதான். கல்லூரி என்பது வீடு மாதிரி. படுக்கை, சாப்பாடு, வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து வாத்தியாரிடம் பேசுவது, அவ்வளவுதான். ஆனாலும் விண்ணப்பத்தில் ஒரே ஒரு கல்லூரியின் பெயரைத்தான் எழுத முடியும். எழுதின கல்லூரிதான் டிசம்பரில் நேர்காணலுக்குக் கூப்பிடும், எடுத்துக்கொள்ளும், இல்லை கைகழுவும். இன்னொரு விதி இருந்தது. வீடு மூன்று மைலில் இருந்தாலும் சரி, பாடம் நடக்கும் காலத்தில் கல்லூரியில்தான் தங்க வேண்டும்.

அந்த விதிதான் லொரேனை உறுத்திக்கொண்டிருந்தது. புருஷன் ரே எட்டு வருஷத்துக்கு முன்னால் லாரியை எடுத்துக்கொண்டு ஸ்பால்டிங் பக்கம் போனவன், போனவன்தான். அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு கோப்பை. அதில் ஒன்று குறையப்போகிறது. ஆனால் லிடியா மட்டும் ஆஸ்வின் என்று எழுதிவிட்டால்? தினமும் காலை எட்டரைக்கு ஒரு கதவைத் தட்டலாம். தலை கலைந்த முகம் ஒன்று எட்டிப் பார்க்கும். 'சாப்பிட்டியா' என்று கேட்கலாம். அதற்கு மேல் லொரேன் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு அரை நிமிஷம் போதும்.

*

ஊரின் ஓரம், கிங்ஸ் ஹெட்ஜஸில் அவர்கள் வீட்டுச் சமையலறை மேஜை முழுக்கக் கல்லூரிகள் அனுப்பிய பளபளப்புப் புத்தகங்கள். எல்லா அட்டையிலும் புல்வெளி. எல்லாப் புல்வெளியிலும் நாலு பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லிடியா பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தபடி எதையோ எண்களாக எழுதிக்கொண்டிருந்தாள். பதினேழு வயசு. அம்மாவைவிட ஒரு சாண் உயரம்.

"என்ன கணக்கு அது?"

"ஒவ்வொரு கல்லூரியிலயும் எத்தனை பேர் கேக்கறாங்க, எத்தனை பேரை எடுக்கறாங்க, லேபுக்கு எவ்வளவு தூரம்னு போட்டுப் பாக்கறேன். ஒண்ணும் பிடிபடல. எல்லாம் ஒரே மாதிரி எழுதியிருக்கான். நட்பான சூழலாம். எல்லாருமே நட்பாத்தான் இருக்காங்களாம்."

"புத்தகத்துல அப்படித்தான் போடுவான். படுக்கையும் சாப்பாடும்தான விஷயம்? அத எங்கிட்ட கேளு."

வேலை அட்டவணைத் தாள் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் லொரேன் எழுத ஆரம்பித்தாள். ஊரில் அறை கூட்டுகிறவர்கள் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி மாமியார் ஒரு கல்லூரியில், இன்னொருத்தி தங்கச்சி இன்னொன்றில். பஸ்ஸில் காலை ஐந்தரைக்குப் பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது? ஒரு மணி நேரத்தில் பக்கம் நிறைந்தது. ஆற்றோரக் கல்லூரியில் கீழ் அறைகளில் சுவர் வியர்க்கும், துணி காயாது. இன்னொன்றில் எலி, ஆனால் வாசல் காவலர் தங்கமானவர், ராத்திரி சாவியைத் தொலைத்த பிள்ளையைத் திட்ட மாட்டார். மேட்டில் இருக்கும் வெல்பி கல்லூரியில் ஒன்பது மணிக்கு ஹீட்டரை நிறுத்திவிடுவான், வடக்குக் காற்று நேராக வந்து அடிக்கும், ஆனால் பிள்ளைகளே சமைத்துக்கொள்ள நல்ல அடுப்பு உண்டு. ஒரு கல்லூரியில் போன வருஷம் மூன்று பிள்ளைகள் படிப்பை விட்டுப் போனார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

லிடியா அதை இரண்டு தடவை படித்தாள். முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்காமல் படித்தாள்.

"அம்மா, இதுல பாதி எங்கயுமே கிடைக்காது. காசு குடுத்தாலும் கிடைக்காது."

"பின்ன?"

"ஆனா ஆஸ்வினுக்கு மட்டும் ஒரு குறைகூட இல்லையே. சொர்க்கமா அது?"

லொரேன் கழுவின கோப்பையையே மறுபடி கழுவினாள். "குறை இருக்கு. சூப்புல உப்பு போட மாட்டான்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நல்ல சிரிப்பு அது. அந்த வருஷத்தில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று பின்னால் லொரேன் எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது.

*

ஜூனில் லொரேன் வாயை விட்டாள்.

சி படிக்கட்டின் முதல் மாடியில் டாக்டர் ஹாலம் அறை. கல் ஆராய்ச்சிக்காரர். ஜன்னல் விளிம்பில் நாற்பத்தோரு கற்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து, எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அப்படியே வைக்க வேண்டும். லொரேன் வைப்பாள். இயற்கை அறிவியலுக்கு வருகிற பிள்ளைகளை ஆஸ்வினுக்குத் தேர்ந்தெடுக்கிறவர் அவர்தான்.

"காலை வணக்கம், மௌரீன்."

மௌரீன் அவளுக்கு முன்னால் அந்தப் படிக்கட்டில் இருந்தவள். வேலைக்கு வந்த முதல் வாரம் அவர் அப்படிக் கூப்பிட்டபோது லொரேன் கூச்சத்தில் திருத்தவில்லை. இரண்டாவது வாரம் திருத்தினால் அவருக்குச் சங்கடம். பன்னிரண்டாவது வருஷம் திருத்தினால் அது வேறு மாதிரி ஆகிவிடும். நல்ல மனுஷன். கிறிஸ்துமசுக்குத் தவறாமல் சாக்லேட் பெட்டி வைப்பார், அட்டையில் 'மௌரீனுக்கு' என்று எழுதி.

"சார், எம் பொண்ணு இயற்கை அறிவியல் படிக்கப் போறா. இங்கதான் விண்ணப்பம் போடப் போறா."

போடப்போகிறாள் என்று லிடியா சொல்லவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

ஹாலம் கண்ணாடியைக் கழற்றினார். முகம் மலர்ந்தது. "அடடே! எவ்வளவு நல்ல சேதி!" பிறகு மலர்ந்த முகம் கொஞ்சம் யோசித்தது. "ஒண்ணு மட்டும். உங்களை எனக்குத் தெரியும்கறதால நான் அவளை நேர்காணல் பண்ணக் கூடாது. ஆபீசுல சொல்லிடுவேன், வேற ஒருத்தர் பாப்பாங்க. அவ நல்லதுக்குத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா ஜூலைல எல்லாரும் சுத்திப் பாக்கக் கல்லூரியைத் திறந்துவிடற நாள்ல அவளை வரச் சொல்லுங்க. நானே வந்து பேசறேன்."

ஒரு வார்த்தை போட்டு வைத்தால் பலன் இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவளைப் போன்றவர்கள் வேலை வாங்குவதெல்லாம் அப்படித்தான். அவள் அம்மாவை உருளைக்கிழங்கு பொறுக்குகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டது ஒரு சித்தி. லொரேனை ஆஸ்வினில் சேர்த்துவிட்டது ஷீலா. தெரிந்தவர் இருந்தால் கதவு திறக்கும் என்பது பிறந்ததிலிருந்து பார்த்த உண்மை. தெரிந்தவராக இருப்பதாலேயே ஒருத்தர் நாற்காலியை விட்டு எழுந்துபோவார் என்பது அவளுக்குப் புதுசு. தூசி துடைக்கிற துணியோடு வெளியே வந்தபோது எதையோ கொட்டிவிட்டு வந்ததுபோல இருந்தது. லிடியாவிடம் மூச்சு விடவில்லை.

*

ஜூலையில் அந்த நாள் வந்தது. ஊர் முழுக்க அப்பா அம்மாக்களும் பிள்ளைகளும் கையில் வரைபடத்தோடு அலைந்தார்கள். ஆஸ்வினில் சாப்பாட்டு ஹாலில் டீ ஊற்ற ஆள் போட்டிருந்தார்கள். லொரேனும் ஒருத்தி. நீல மேலங்கி, பெரிய டீ பாய்லர், அடுக்கி வைத்த இருநூறு கோப்பை. லிடியா வெல்பிக்கும் ஆற்றோரக் கல்லூரிக்கும் போவதாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு கூட்டம் உள்ளே வந்தது. முன்னால் வழிகாட்டிப் பெண். சி படிக்கட்டில் ஏழாம் நம்பர் அறைக்காரிதான், ஆப்பிளைப் பாதி கடித்துவிட்டு எறிகிறவள். பின்னால் ஐந்தாறு பேர். அவர்களில் லிடியா. அவள் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரி ஒருத்தி. இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள், நெடுநாள் பழகினதுபோல. லிடியா யாரோடும் அப்படிச் சட்டென்று ஒட்டுகிறவள் இல்லை. லொரேன் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தினமும் காலைல ரூமைக் கூட்ட வருவாங்க," வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரொம்ப நல்லவங்க, அம்மா மாதிரி. வர வேண்டாம்னா குப்பைக் கூடையை வெளிய வச்சிடுங்க, அவ்வளவுதான். தட்டக்கூட மாட்டாங்க."

"எங்க அம்மாவுக்கு இத யாராவது சொல்லிக் குடுங்கப்பா," என்றாள் வெள்ளைச் சட்டைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். லிடியா தன் செருப்பைப் பார்த்தாள்.

வரிசை நகர்ந்தது. வெள்ளைச் சட்டை கோப்பையை வாங்கிக்கொண்டு தள்ளி நின்றாள். அடுத்து லிடியா. மேஜைக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள். அரை நொடி இருந்திருக்கும். இவளுக்குத் தலைகுனிவு வரக் கூடாது, புதுசாக ஒரு தோழி கிடைத்திருக்கிறாள் என்று லொரேன் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"உங்களுக்குப் பால் போடட்டுமா?"

லிடியா அவள் கண்ணைப் பார்த்தாள். "போடுங்க," என்றாள். "நன்றி."

கோப்பை கைமாறியது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதுதான் பின்னால் நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

அப்போதுதான் ஹால் வாசலில் டாக்டர் ஹாலம் குரல் கேட்டது. லொரேன் காலிப் பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருந்த சரக்கு அறைக்குள் புகுந்தாள். கதவு தானாக ஆடி முக்கால்வாசி மூடிக்கொண்டது.

"வாங்க வாங்க, எல்லாருக்கும் வணக்கம். இயற்கை அறிவியல்காரங்க யார் யாரு? நல்லது. அப்புறம், இதுல மௌரீனோட பொண்ணு யாரு? நம்ம சி படிக்கட்டு மௌரீன். அவங்க பொண்ணு வர்றதா சொன்னாங்களே."

யாரோ கோப்பையில் கரண்டியைச் சுழற்றினார்கள்.

"யாரும் இல்லையா?"

லொரேன் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனால் போதும். லிடியாவின் தோளில் கையை வைத்து, 'இவதான் சார், என் பேர் லொரேன்' என்று சொன்னால் போதும். நான்கு அடி தூரம். வயலில் மழையில் நாள் முழுக்க நின்ற அம்மாவுக்குப் பிறந்தவள்தான் அவள். தூசி உறிஞ்சுகிற பதினைந்து கிலோ மெஷினை மூன்று மாடி தூக்குகிறவள்தான். அந்த நான்கு அடி நடக்க முடியவில்லை.

"சரி, வேற நேரத்துல வருவாளா இருக்கும்," என்றார் ஹாலம். காலடிகள் நகர்ந்தன. லிடியாவின் குரல் கேட்கவே இல்லை.

*

அன்று சாயங்காலம் வீட்டில் கடையில் வாங்கிய வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் பொட்டலம் பிரிக்காமலே ஆறிக்கொண்டிருந்தது. முதலில் பேசினவள் லிடியாதான்.

"எனக்குப் பால் போடணுமான்னு என்னையே கேட்ட."

"உங்கூட புதுசா பிள்ளைங்க இருந்தாங்க. உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு..."

"பதினேழு வருஷமா எனக்கு டீ போடற."

"லிடியா..."

"எனக்குச் சங்கடமா இருக்கும்னு நீயே முடிவு பண்ணிட்ட."

லொரேன் மேஜையின் விளிம்பைத் தடவினாள். கேட்க வேண்டாம் என்று தெரிந்தும் கேட்டாள். "இருந்துச்சா?"

லிடியா பொட்டலத்தின் ஓரத்தைச் சுருட்டினாள். பக்கத்து வீட்டில் யாரோ குழந்தையைக் குளிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருந்துச்சு," என்றாள். "அதான் எனக்குத் தாங்கல. அந்த ஆள் கேட்டாரு, மௌரீன் பொண்ணு யாருன்னு. எங்கம்மா பேரு மௌரீன் இல்ல, அதனால நான் பொய் சொல்லலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அங்க நின்னுகிட்டு அத சொல்லிக்கிட்டேன்மா." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "அவர்கிட்ட எதுக்குப் போய்ச் சொன்ன?"

"நல்லதுன்னு நெனச்சேன்."

"நீ கதவுக்குப் பின்னாடிதான் இருந்த. உன் ஷூ தெரிஞ்சுது."

சரக்கு அறைக் கதவு தரைவரை வராது. பன்னிரண்டு வருஷமாக லொரேனுக்குத் தெரிந்த கதவு.

"வேற படிக்கட்டு கேட்டு வாங்கிக்கறேன்," என்றாள் லொரேன். "ஷீலாவோட மாத்திக்கலாம். உன் பக்கமே வர மாட்டேன்."

"அப்ப நான் எதுக்கு அங்க வரணும்?"

"இல்லன்னா வேலைய விட்டுடறேன்."

"பைத்தியமா உனக்கு?" லிடியா எழுந்துவிட்டாள். "யோசிச்சுப் பாரு. அங்க போட்டு, அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா? நாலு பேர் கேட்டா ஒருத்தரைத்தான் எடுக்கறாங்க. அப்புறம் நீ தினமும் போய் அந்த ஆளோட கல்லைத் தொடைக்கணும். என் இடத்துல வந்தவளோட படுக்கைய தட்டிப் போடணும். எடுத்துட்டாங்கன்னா இன்னும் மோசம். மூணு வருஷம் நீ கதவுக்குப் பின்னாடி, நான் வாயை மூடிகிட்டு."

மாடிப்படி அதிர ஏறிப்போனாள். லொரேன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு மீனைத் தின்றாள். ஆறிப்போன மாவு வாயில் ஒட்டியது. தட்டில் வைத்து மூடி ஓவனுக்குள் தள்ளினாள்.

அதற்குப் பிறகு சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் தேவலை. லிடியா கோடை முழுக்கச் சாலையோரக் கடை ஒன்றில் வேலைக்குப் போனாள், பாத்திரம் கழுவி வைத்தாள், 'போயிட்டு வரேன்' 'வந்துட்டேன்' சொன்னாள். லொரேன் ஆஸ்வினில் மாநாட்டுக்கு வந்த வெளியூர்க்காரர்களின் படுக்கைகளை உதறினாள். அவர்களுக்குக் கூடைச் சட்டம் தெரியாது. எல்லாக் கதவும் தட்டும்படியாகவே இருந்தது. தட்டினால் திறந்து, 'யார் நீங்க' என்று கேட்டார்கள்.

கல்லூரி பற்றி லிடியா ஒரு வார்த்தை பேசவில்லை. லொரேனும் கேட்கவில்லை. ஆனாலும் மனசின் ஒரு மூலை சும்மா இருக்கவில்லை. கோபம் ஆறும். நாள் இருக்கிறது. கடைசி நேரத்தில் மனசு மாறி ஆஸ்வின் என்றே எழுதினாலும் எழுதுவாள். செப்டம்பரில் ஹாலம், "என்ன மௌரீன், பொண்ணு அன்னிக்கு வரலையே?" என்று கேட்டபோதுகூட, "இன்னும் முடிவு பண்ணல சார்," என்றுதான் சொன்னாள்.

*

அக்டோபர் பதினைந்து. சாயங்காலம் ஆறு மணியோடு விண்ணப்பம் மூடிவிடும்.

லொரேன் வழக்கத்தைவிட வேகமாகப் பஸ்ஸைப் பிடித்து வந்தாள். வழியில் கடையில் இறங்கி லிடியாவுக்குப் பிடித்த மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பன்றிக்கறி 'பை' ஒன்று வாங்கினாள். வீட்டில் சத்தமில்லை. வாசலில் லிடியாவின் ஷூ கிடந்தது. நாலேகால் மணி. மேலே ஏறினாள், ஒரு கோப்பை டீ வேண்டுமா என்று கேட்கத்தான்.

கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது.

மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே, சுவர் ஓரமாக, குப்பைக் கூடை.

இந்த வீட்டில் ஒரு நாளும் இல்லாத வழக்கம். குத்திக்காட்டவா? தெரியவில்லை. லிடியா அப்படிக் குத்துகிற பெண் இல்லை. தொந்தரவு வேண்டாம் என்பதை அம்மாவுக்குப் புரிகிற பாஷையில் சொல்லியிருக்கலாம். உள்ளே தட்டச்சு சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

லொரேன் குனிந்து கூடையை எடுத்தாள். கை தன் பழக்கத்தில் எடைபோட்டது. ஆப்பிள் காம்பு இரண்டு. சாக்லேட் உறை. ஆஸ்வினின் பளபளப்புப் புத்தகம், நடுவில் மடக்கி, புல்வெளியும் நாலு பிள்ளைகளுமாக. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கேட்க வேண்டியதில்லை. கூடை சொல்லிவிட்டது.

அதற்கடியில் கையெழுத்துத் தாள்கள். ஏன் அறிவியல் படிக்க ஆசை என்று விண்ணப்பத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம், அதற்கு எழுதிப் பார்த்த வரைவுகள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக லொரேன் கூடையில் கிடந்த காகிதத்தைப் படித்தாள். எல்லாத் தாளிலும் முதல் வரியை மாற்றி மாற்றி எழுதி அடித்திருந்தாள்.

'எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது, ப்ளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றக் கூடாது என்று என் அம்மா சொன்னார். ஏன் என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வந்து எனக்கும் சொல் என்றார்.'

அடித்திருந்தது. அடுத்த தாளில் அதே வரி, 'என் அம்மா' அடித்து 'வீட்டில் ஒருவர்'. அதற்கடுத்த தாளில் மறுபடி 'என் அம்மா, துப்புரவுப் பணியாளர்'. அதுவும் அடித்திருந்தது. கடைசியில் எது நின்றது என்று அந்தத் தாள்களில் இல்லை.

லொரேன் தாள்களைத் திரும்பக் கூடைக்குள் போட்டாள். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கை ஒரு கணம் யோசித்தது. எடுக்கவில்லை. பையைக் கட்டி, கீழே கொண்டுபோய்ப் பெரிய தொட்டியில் போட்டாள். புதுப் பை மாட்டிக் கூடையை மேலே கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்தாள். தட்டவில்லை.

ஐந்தே முக்காலுக்கு லிடியா இறங்கி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அனுப்பிட்டேன்."

"எங்க?"

"வெல்பி."

லொரேன் தலையாட்டினாள். "மேட்டுல இருக்கு. காத்து அடிக்கும்."

"தெரியும். ஒம்பது மணிக்கு ஹீட்டரை நிறுத்திடுவான். அடுப்பு நல்லாருக்கும்." லிடியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எழுதிக் குடுத்தியே."

லொரேன் கேட்காமலே பால் ஊற்றி, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு நீட்டினாள். லிடியா நின்றபடியே குடித்தாள். ப்ளீச்சைப் பற்றிக் கேட்க வேண்டும் போல இருந்தது லொரேனுக்கு. அந்த வரி இருக்கிறதா, போய்விட்டதா? கேட்டால் படித்தது தெரிந்துவிடும்.

"பன்றிக்கறி பை வாங்கியாந்தேன். சூடு பண்ணட்டுமா?"

"எல்லாரும் அனுப்பி முடிச்சாச்சுன்னு பிட்ஸா சாப்பிடப் போறாங்கம்மா. நானும் வரேன்னு சொல்லிட்டேன்." கோப்பையைக் கழுவி வைத்தாள். வாசலில் ஷூவை மாட்டும்போது ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். "வைச்சிரு. நாளைக்குச் சாப்பிடறேன்."

"சரி கண்ணு. கோட்டு போட்டுக்கோ."

கதவு சாத்தியது. தெருவில் காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பி நின்றுபோனது. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, எடுத்துக்கொண்டால். எடுத்துக்கொள்ளாவிட்டாலும் வேறு எங்காவது போவாள். போகத்தான் வேண்டும். லொரேன் தனக்குத் தானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். சமையலறையில் அந்தக் குரல் நன்றாக இல்லை.

பன்றிக்கறிப் பலகாரத்தைப் பாதி வெட்டி நின்றபடியே தின்றாள். மற்றப் பாதியைத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாள். மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு துவைத்த துணிகளை அடுக்கிக்கொண்டு மேலே போனாள். லிடியாவின் இரண்டு சட்டை, பள்ளி ஸ்வெட்டர் ஒன்று.

கதவு சாத்தியே இருந்தது. கூடை இன்னும் வெளியேதான் இருந்தது, அவள் மாட்டின புதுப் பை மடிப்புக் கலையாமல். எடுத்து உள்ளே வைக்க மறந்துவிட்டு ஓடியிருக்கிறாள். உள்ளே யாரும் இல்லை என்று லொரேனுக்குத் தெரியும்.

துணிகளைக் கூடைக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.